பேருக்கு முன்னால நிக்கிற சொல்லு

வணக்கம் ரீச்சர்,

நான் உங்களிட்டப் படிக்கேல்ல, ஆனா எங்கட பக்கம் எல்லாரும் உங்களை அப்பிடித்தான் சொல்லுறவை, அதால நானும் அப்பிடியே எழுதுறன். ரவுணில ஒரு வங்கியில வேலை செய்யிறன். வயசு 36, கலியாணம் கட்டேல்ல. போன மாசம் எங்கட கவுண்டருகளுக்குப் புதுசா பேர்ப்பலகை அடிச்சவை. பேருக்கு முன்னால என்ன போடுறதெண்டு கேட்டினம். இந்த வயசில மிஸ் எண்டு போட எனக்கு வெக்கமாக் கிடந்தது, வாறவை போறவை எல்லாம் அதை வாசிச்சுப்போட்டு ஒரு பார்வை பாப்பினம். அதால எம்.எஸ். எண்டு இரண்டு எழுத்தைப் போடச் சொன்னன். இப்ப கூட வேலை செய்யிற ஆக்கள், அது டிவோர்ஸ் எடுத்தவை போடுறதெல்லோ எண்டு சிரிக்கினம். மனேஜர் வேற, ஆரும் பெரிய ஆக்கள் வந்தா எங்களைக் காட்டி, எங்கட பெட்டையள் எண்டமாதிரி, இங்கிலீஷில "அவர் கேள்ஸ்" எண்டுதான் சொல்லுறவர். எங்கள் நாலு பேரில ஒராளுக்குப் பேரப்பிள்ளையும் இருக்கு.

வுமன் எண்ட சொல்லு கருப்பையைக் குறிக்கிற 'வூம்ப்' எண்ட சொல்லில இருந்து வந்ததெண்டு ஃபேஸ்புக்கில வாசிச்சன், உண்மையோ? லேடி, வுமன், பீமேல் இதுகளில எது மரியாதை? கேள்ஸ் எண்டு சொல்லுறதை மறுத்துக் கதைக்கலாமோ? எங்கட தமிழில பெட்டை, பொம்பிளை, மனிசி எண்டு எல்லாம் கொச்சையாத்தானே கிடக்கு, இங்கிலீஷில எண்டா டீசன்டான சொல்லுகள் கனக்க இருக்கு, அதையே பாவிக்கிறது நல்லம் எண்டு நினைக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?

என்ர பேர் போடாதேங்கோ.

ஒரு வாசகி, கொக்குவில்

*

அன்புள்ள பிள்ளை,

உம்மட கடிதம் வந்த அண்டைக்கு என்ர மேசையில ஒரு கல்வெட்டுக் கிடந்தது. எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில இங்கிலீஷ் படிப்பிச்ச மிஸ் செத்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு அடிச்ச புத்தகம். மட்டையில அவவின்ர படம், மூக்குக்கண்ணாடி போட்டு, கழுத்தில ஒண்டுமில்லாம, வாயை மூடிச் சிரிச்சபடி. படத்துக்குக் கீழ "அமரர் செல்வி" எண்டு தொடங்கி அவவின்ர பேர். 78 வயசு. அந்தச் செல்வியைப் பாத்துப் பாத்து மூண்டு மாசமா எனக்கு மனம் ஆறேல்ல, அதுக்குள்ள உம்மட கடிதம் வந்து சேந்தது. அதால பதில் நீளும், பொறுத்து வாசியும்.

முதல்ல ஃபேஸ்புக் கதை. பிழை. வுமனுக்கும் கருப்பைக்கும் ஒரு சொந்தமும் இல்லை. ஆயிரம் வருசத்துக்கு முந்தின இங்கிலீஷில வீஃப் எண்டா பொம்பிளை, அவ்வளவுதான், ஆற்றையும் பெண்சாதி எண்ட கருத்து கட்டாயமில்லை. மன் எண்டா மனிசர், ஆணும் அதுதான் பெண்ணும் அதுதான். இரண்டும் சேந்து வீஃப்மன், அது தேஞ்சு தேஞ்சு வுமன். பேந்து என்ன நடந்ததெண்டா, மனிசர் எண்ட பொதுச்சொல்லை ஆம்பிளையள் தங்களுக்கு எண்டு எடுத்துக்கொண்டிச்சினம், வீஃப் எண்டது கலியாணம் கட்டினவள் எண்டு சுருங்கிப்போச்சு. மிட்வைஃப் எண்டு மருத்துவிச்சிக்குச் சொல்லுறம் பாரும், அதில மட்டும் பழைய கருத்து இன்னும் உயிரோட கிடக்கு: பொம்பிளையோட கூட நிக்கிறவ.

இப்ப நீர் கொச்சை எண்டு தள்ளிவிட்ட மனிசியை எடும். எங்கட ஊரில "என்ர மனிசி" எண்டா பெண்சாதி. "எங்கட மனுசன்" எண்டா புருசன். இரண்டு பேரும் மனிசர்தான், ஒராளிட்ட இருந்து ஒராள் அந்தச் சொல்லைப் பறிக்கேல்ல. பொம்பிளை எண்டது பெண்பிள்ளை, ஆம்பிளை எண்டது ஆண்பிள்ளை, இரண்டும் ஒரே மாதிரிக் கட்டின சொல்லு, பிள்ளை எண்டது இரண்டுக்கும் பொது. நான் உம்மைப் பிள்ளை எண்டு கூப்பிடுறன், உம்மட தம்பி எழுதியிருந்தாலும் அப்பிடித்தான் கூப்பிட்டிருப்பன். இதில எங்க கொச்சை இருக்கு? பெட்டை எண்டது கோழிக்கும் சொல்லுற சொல்லு, ஓம், அது எனக்கும் பெரிய விருப்பமில்லை. இங்கிலீஷில சிக் எண்டும் பேர்ட் எண்டும், கோழிக்குஞ்சு குருவி எண்டு, பொம்பிளைப்பிள்ளையளைச் சொல்லுறது அப்ப என்ன, தேவாரமோ? தாய்மொழியில கேட்டா உறைக்குது, அடுத்தவன்ர மொழியில கேட்டா உறைக்கேல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். உறைக்காததை டீசன்ட் எண்டு சொல்லாதையும்.

லேடியில எனக்குக் கோவமில்லை. அந்தச் சொல்லின்ர அடி பாண் குழைக்கிறவ, பிரபுவைச் சொல்லுற லோட் எண்டதின்ர அடி பாணுக்குக் காவல் நிண்டவர். மாக் குழைச்ச கை பேந்து பிரபு வீட்டு அம்மாவா ஏறிப்போச்சு. ஆனா ஏறினது கொஞ்சம்தான், இறங்கினது கனக்க. ஹவுஸ்வைஃப் எண்டது பழைய உச்சரிப்பில தேஞ்சு ஹஸ்ஸி எண்டு வந்து, அடங்காதவள், நடத்தை சரியில்லாதவள் எண்டு வசவாப் போச்சு. வீட்டைப் பாத்தவள்தான், வேற ஆருமில்லை. குயீன் எண்டு இராணிக்குச் சொல்லுற சொல்லுக்கு அதே சத்தத்தில இன்னொரு சொல்லு இருந்தது, எழுத்து மட்டும் கொஞ்சம் வேற, பழைய காலத்தில சும்மா பொம்பிளை எண்டுதான் கருத்து, அதை விலைமகள் எண்டு ஆக்கிச்சினம். மாஸ்டருக்குச் சோடி மிஸ்ட்ரஸ். மாஸ்ரர் எண்டா இண்டைக்கும் யாழ்ப்பாணத்தில சைக்கிளை விட்டு இறங்கி நிண்டு கதைப்பம், மிஸ்ட்ரஸ் எண்டா வைப்பாட்டி எண்டுதான் நினைக்கிறாங்கள், உமக்கே தெரியும். எங்களிட்டயும் இந்த வேலை நடந்திருக்கு, நான் மறைக்கேல்ல, தேவரடியார் எண்டு கோயில் கல்லில கும்பிட்டு வெட்டின சொல்லு இண்டைக்குச் சந்தியில என்னவாக் கேக்குது? எந்த மொழியிலயும் பொம்பிளையைச் சொல்லுற சொல்லுத்தான் முதல்ல படியால விழுறது. அதால இங்கிலீஷுக்கு ஓடித் தப்பலாம் எண்டு நினையாதையும்.

பீமேல் எண்டது ஆசுப்பத்திரிக் கார்டில போடுறதுக்கு. ஆளைப் பாத்துச் சொல்லுற சொல்லில்லை. விடும்.

இனி, கேள் எண்ட இங்கிலீஷ் சொல்லு. இது எனக்கு எங்கட மிஸ் சொல்லித் தந்தது, 1974 இல, எட்டாம் வகுப்பில. சோக்கைக் கீழ வைச்சுப்போட்டு, "உங்களுக்குத் தெரியுமோ, 1300களில கேள் எண்டா ஆணோ பெண்ணோ எந்தப் பிள்ளையும்தான்" எண்டவ. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சம், பொடியனைக் கேள் எண்டு கூப்பிடுறதை நினைச்சு. அவ சிரிக்கேல்ல. அவ எங்களை ஒருநாளும் கேள்ஸ் எண்டு கூப்பிட்டதில்லை, சில்ட்ரன் எண்டுதான் கூப்பிடுறவ, கொஞ்சம் பெரிய வகுப்புக்கு வந்தாப்பிறகு பேரைச் சொல்லித்தான்.

இதில ஒண்டைக் கவனிச்சீரோ தெரியாது. உடுவிலில 1824 இல அமெரிக்க மிசனறிமார் தொடங்கினது கேள்ஸ் கொலிஜ். வேம்படி கேள்ஸ் ஹைஸ்கூல். சுண்டுக்குளி கேள்ஸ் கொலிஜ். 1943 இல வந்த இந்து மகளிர், லேடீஸ் கொலிஜ். தமிழில எல்லாத்துக்கும் மகளிர் எண்டு ஒரே சொல்லுப் போதும், இங்கிலீஷில ஒரு பள்ளிக்கூடத்தில பிள்ளையள் கேள்ஸ், இன்னொரு பள்ளிக்கூடத்தில லேடீஸ். சரி, அதை விடும். பொடியளின்ர பள்ளிக்கூடங்களைச் சொல்லும் பாப்பம். யாழ் இந்துக் கல்லூரி. சென் ஜோன்ஸ். மத்திய கல்லூரி. ஹாட்லி. எதிலயாவது போய்ஸ் எண்டு கிடக்கோ, ஆடவர் எண்டு கிடக்கோ? அவை வெறும் கல்லூரி. நாங்கள்தான் அடையாளம் ஒட்டின கல்லூரி. இதே வருத்தம் இண்டைக்குப் பிரதேச செயலகப் பதிவுகளிலயும் இருக்கு: "பெண் தலைமைத்துவக் குடும்பம்". ஆண் தலைமைத்துவக் குடும்பம் எண்டு ஒரு நிரல் நான் ஒரு இடத்திலயும் காணேல்ல. அது வெறும் குடும்பம்.

சரி, எம்.எஸ்.

உம்மட கந்தோரில சிரிக்கிற ஆக்களுக்கு இதைச் சொல்லும். மிஸ்ஸும் மிஸிஸும் மிஸ்ட்ரஸ் எண்ட ஒரே சொல்லின்ர இரண்டு குறுக்கம். 18ஆம் நூற்றாண்டுவரைக்கும் இங்கிலாந்தில மிஸிஸ் எண்டா கலியாணம் கட்டினவ எண்டு கருத்தில்லை, வயசுக்கும் தகுதிக்கும் குடுத்த பட்டம். கடை நடத்தினவ, பெரிய வீட்டில சமையலையும் வேலையாக்களையும் பாத்தவ, கலியாணமே கட்டாட்டிலும் மிஸிஸ்தான். மிஸ் எண்டது சின்னப் பிள்ளைக்கு. 17ஆம் நூற்றாண்டு லண்டனில மிஸ் எண்டா வைச்சிருக்கிற பொம்பிளை எண்டும் ஒரு கருத்து இருந்தது. பேந்துதான் இரண்டையும் பிரிச்சு ஒண்டைக் கட்டினவளுக்கும் மற்றதைக் கட்டாதவளுக்கும் ஒட்டிச்சினம். மிஸ்டருக்கு ஒண்டும் நடக்கேல்ல. அவர் கட்டினாலும் மிஸ்டர், கட்டாட்டிலும் மிஸ்டர், மனிசி செத்தாலும் மிஸ்டர்.

1901 இல அமெரிக்காவில, மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் எண்ட ஊர்ப் பேப்பர் ஒண்டு, கட்டினவவோ இல்லையோ தெரியாட்டில் என்ன செய்யிறது, இரண்டுக்கும் பொதுவா எம்.எஸ். எண்டு போடலாமே எண்டு எழுதிச்சுது. ஆரும் கவனிக்கேல்ல. 1961 இல ஷீலா மைக்கல்ஸ் எண்ட பொம்பிளை, தன்னோட அறையில இருந்தவவுக்கு வந்த தபாலில அந்த இரண்டு எழுத்தைப் பாத்திட்டு முதல்ல எழுத்துப்பிழை எண்டு நினைச்சவ. பிழையில்லை எண்டு விளங்கினாப்பிறகு அதைப் பிடிச்சுக்கொண்டவ. அவவின்ர தாயும் தகப்பனும் கலியாணம் கட்டினவை இல்லை. ஒரு ஆம்பிளைக்குச் சொந்தம் எண்டு சொல்லாத ஒரு பட்டம் அவவுக்கு வேண்டிக் கிடந்தது. 1972 இல அந்தப் பேரில ஒரு சஞ்சிகையே வரத் தொடங்கிச்சு. நியூயோர்க் ரைம்ஸ் பேப்பர் 1986 இலதான் ஏற்றுக்கொண்டது, அதுவரைக்கும் மாட்டம் எண்டு நிண்டது. டிவோர்ஸ் கதையை அவைக்கு ஆர் சொன்னது எண்டு கேளும். உந்தச் சொல்லு வந்ததே உதை ஒருத்தரும் கேக்கக்கூடாது எண்டுதான்.

ஆனா பிள்ளை, எம்.எஸ். எண்டதை வாயால எப்பிடிச் சொல்லுவீர்? இங்கிலீஷ்காரர் கடைசியில இசட் சத்தம் வைச்சுச் சொல்லுவினம். எங்களிட்ட அந்தச் சத்தம் இல்லை. தமிழில எழுதினா மிஸ், சொன்னாலும் மிஸ். கலியாணத்தை மறைக்க எண்டு செய்த சொல்லு எங்கட வாயில வரேக்க கட்டாதவள் எண்டு ஆகிப்போகுது. படிவங்களைப் பாரும், இங்கிலீஷில நாலு பெட்டி அடிச்சிருப்பாங்கள், தமிழில மூண்டுதான்: திரு, திருமதி, செல்வி. நாலாவது பெட்டிக்கு நேர தமிழில வெள்ளைக் கடதாசி.

இதை நான் ஒரு கூட்டத்தில சொல்ல, ஒரு பெரியவர் எழும்பி, செல்வி திருமதி எண்டது எங்கட பண்பாடு தங்கச்சி, அதில கை வைக்காதையும் எண்டார். எங்கட பண்பாடோ? சங்கப் பாட்டுப் பாடின பொம்பிளையளின்ர பேரைப் பாரும். ஔவையார். வெள்ளிவீதியார். ஒக்கூர் மாசாத்தியார். காக்கைபாடினியார் நச்செள்ளையார். எல்லாருக்கும் கடைசியில ஆர். நக்கீரனாருக்கும் ஆர். பேருக்குப் பின்னால மரியாதையை வைச்சுப்போட்டு ஆளைத் தன்ர பாட்டில விட்டிருக்கினம். வெள்ளிவீதியார் கட்டினவவோ கட்டாதவவோ எண்டு அவவின்ர பேரில இருந்து உம்மால சொல்லேலாது. செல்வி நல்ல பழைய தமிழ்ச்சொல்லுத்தான், திருவும் அப்பிடித்தான், ஆனா ஒவ்வொரு பொம்பிளையின்ர பேருக்கு முன்னாலயும் இரண்டில ஒண்டை ஆணி அடிச்சமாதிரி அடிக்க வேணும் எண்ட பழக்கம் மிஸ் மிஸிஸைப் பாத்துச் செய்தது. இங்கிலீஷ்காரன் தன்ர சட்டையைக் கழட்டிப் போட்டிட்டுப் போட்டான், நாங்கள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு முப்பாட்டன்ர சட்டை எண்டு சண்டை பிடிக்கிறம்.

எனக்கு ஏன் இவ்வளவு உறைக்குதெண்டு சொல்லுறன்.

1995 ஒக்டோபர் 30. சண்டைக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின்ர வலிகாமம் பகுதியே எழும்பி நடந்த இரவு. மழை. செம்மணி வெளியால நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரு அடி வைக்கிறதுக்கு எவ்வளவு நேரம் நிண்டம் எண்டு அண்டைக்கு வந்தவைக்குத் தெரியும். எனக்கு முன்னால மிஸ் போனவ, தன்ர லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு, கரியரில ஒரு அரிசி மூட்டையும் அதுக்கு மேல பொலித்தீனில சுத்தின சேட்டிபிக்கற்றுகளும். பக்கத்தில அவவின்ர தங்கச்சி. பின்னால தங்கச்சியின்ர மோன், 17 வயசு, உயர்தரம் படிக்கிறவன். தங்கச்சியின்ர மனுசன் 1990 இல கொழும்புக்கு எண்டு வெளிக்கிட்டவர், போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அண்டையில இருந்து அந்த வீட்டுக்கு அரிசி வேண்டினதும் பொடியனுக்கு ரியூசன் காசு கட்டினதும் மிஸ்தான்.

மீசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில தங்கினம். இரண்டு நாளைக்குப் பிறகு நிவாரணத்துக்குப் பதிஞ்சவை. மேசைக்கு முன்னால வரிசையில நான் அவைக்குப் பின்னால நிக்கிறன். பதிஞ்சவர் தலை நிமிராம, குடும்பத் தலைவர் ஆர் எண்டு கேட்டார். மிஸ், "நான்" எண்டவ. பேர் சொன்னவ. திருமதியோ எண்டு கேட்டார். "செல்வி." பேனையை எடுத்திட்டார். செல்வியைத் தலைவராப் போடேலாது ரீச்சர், மற்றவவைச் சொல்லுங்கோ எண்டார். தங்கச்சி பேர் சொன்னவ. மனுசன்? தெரியாது. செத்திட்டாரோ? இல்லை. அப்ப எங்க? தெரியாது. அவர் அந்த நிரலைப் பாத்தார், திருமதிக்கும் சரிவரேல்ல, விதவைக்கும் சரிவரேல்ல. பேந்து பின்னால நிண்ட பொடியனைப் பாத்து, தம்பி உம்மட பேர் என்ன எண்டார்.

அவன்தான் குடும்பத் தலைவர். மீசை அரும்பின பொடியன், தலை குனிஞ்சு கொண்டு பேரைச் சொன்னவன். அந்த மனுசன் கெட்ட ஆள் இல்லை, மூண்டு நாளா நித்திரை இல்லாமல் ஆயிரக்கணக்கான சனத்தைப் பதிஞ்சு கொண்டிருந்தவர். அவற்ற கடதாசியில இருந்தது அந்த இரண்டு மூண்டு சொல்லுத்தான், எனக்கு முன்னால நிண்ட இரண்டு பொம்பிளையளும் அந்தச் சொல்லுகளுக்குள்ள அடங்கேல்ல. மிஸ் ஒண்டும் கதைக்கேல்ல. அரிசி வேண்ட வரிசையில போய் நிக்கேக்க என்னைத் திரும்பிப் பாத்து, "22 வருசம் இங்கிலீஷ் படிப்பிச்சனான், ஹெட் எண்ட சொல்லுக்கு ஆண் பெண் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்" எண்டவ. குரல் கொஞ்சம் நடுங்கினது.

விடோ எண்டு விதவைக்குச் சொல்லுற இங்கிலீஷ் சொல்லு ஒரு விசித்திரமான சொல்லு தெரியுமோ, வழக்கமா ஆண்சொல்லுக்கு வால் வைச்சுத்தான் பெண்சொல்லுச் செய்வாங்கள், இதில பெண்சொல்லுக்கு வால் வைச்சு விடோவர் எண்டு ஆணுக்குச் செய்திருக்கு. இழந்து நிக்கிறதில மட்டும் பொம்பிளை முதல் ஆள். தங்கச்சியார் அந்தச் சொல்லைக் கடைசிவரைக்கும் ஏற்கேல்ல, இண்டைக்கும் பொட்டோடதான் இருக்கிறா. செத்தவர் எண்டு பதியாமல் காணாமல் போனவர் எண்டே சான்றிதழ் எடுக்கலாம் எண்டு சட்டம் வந்தது 2016 இல. அவவின்ர நிலைமைக்கு ஒரு சொல்லுக் கிடைக்க 26 வருசம் போயிருக்கு.

இன்னும் ஒண்டு. 2003 இல, சமாதான காலத்தில, பொடியனைக் கனடாவுக்கு அனுப்பக் காசு வேணும். தங்கச்சியாருக்குச் சீதன வளவு இருந்தது. நொத்தாரிசிட்டப் போனா, மனுசன்ர கையெழுத்து வேணும் எண்டார். எங்கட தேசவழமையில, அதுதான் யாழ்ப்பாணத் தமிழற்ற சொத்து வழக்கச் சட்டத்தில, 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கலியாணம் கட்டினவ தன்ர சீதனக் காணியை விக்கிறதெண்டாலும் அப்ப புருசன் எழுத்தில சம்மதிக்க வேண்டிக் கிடந்தது. ஆள் எங்க எண்டு தெரியாட்டில் கோட்டுக்குப் போய் அனுமதி எடுத்திருக்கலாம், ஆனா தங்கச்சியார் கோட்டு வாசலுக்கு வரமாட்டன் எண்டிட்டா, அங்க போய் நிண்டு அவரில்லை எண்டு என்ர வாயால சொல்லவோ எண்டு அழுதவ. மிஸ் தன்ர காணித் துண்டை வித்தவ. ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். நீர் வெக்கப்படுற அந்த மிஸ் எண்ட சொல்லுத்தான் அவவின்ர காணியை அவவின்ர கையில வைச்சிருந்தது, மற்றவவின்ர திருமதி அவவின்ர கையைக் கட்டிப்போட்டிது. பிள்ளை, ஆற்ற பார்வைக்குப் பயந்து உமக்கு வெக்கம்? 36 வயசில, சொந்த உழைப்பில, மற்றவையின்ர காசை எண்ணிக் குடுக்கிற நம்பிக்கையான வேலையில இருக்கிறீர். வெக்கப்படுற அளவுக்கு நீர் என்ன களவெடுத்தனீரோ? இதை வாசிக்கேக்க எனக்கு உம்மில வந்த கோவம் கொஞ்சமில்லை. பேந்து நினைச்சன், உம்மைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தப் பார்வை எப்பிடிக் குத்தும் எண்டு எனக்கும் தெரியும், மிஸ்ஸுக்கும் தெரிஞ்சிருக்கும்.

கல்வெட்டுக்கு வாறன். மிஸ் செத்தாப்பிறகு, நீங்கள்தானே ரீச்சர் எழுதுற ஆள் எண்டு என்னட்டத் தந்தவை. எழுதினன். மட்டைக்கு அவவின்ர பேரை மட்டும் எழுதிக் குடுத்தன், கீழ "ஆங்கில ஆசிரியர்" எண்டு. அச்சகத்தில இருந்து பிள்ளை ஒண்டு ரெலிபோன் எடுத்து, அன்ரி, செல்வியோ திருமதியோ விடுபட்டுப் போச்சு எண்டுது. விடுபடேல்ல, அப்பிடியே அடியும் எண்டன். அண்டிரவு கனடாவில இருந்து மருமோன் எடுத்தான். அந்தக் குடும்பத் தலைவர்தான், இப்ப நாப்பத்தாறு வயசு, அவனுக்கே இரண்டு பொம்பிளைப்பிள்ளையள். அன்ரி, செல்வி எண்டு போடுங்கோ, போடாட்டில் சனம் வேற மாதிரி நினைக்கும், பெரியம்மா அப்பிடி வாழ்ந்த ஆள் இல்லைத்தானே எண்டு சொல்லிச் சொல்லி அழுதான். வேற மாதிரி எண்டா என்ன எண்டு நான் கேட்டிருக்க வேணும். மீசாலையை நினைப்பிச்சிருக்க வேணும். அவன் அழுத அழுகையில எனக்கு நாக்கு எழும்பேல்ல, ஓம் தம்பி போடுவம் எண்டிட்டன். ஆசிரியரையும் ஆசிரியை எண்டு மாத்திச்சினம், அதுக்கும் நான் ஒண்டும் சொல்லேல்ல. 300 பிரதி அடிச்சது. என்ர பிரதியில மட்டும் பேனையால அந்தச் சொல்லை வெட்டி வைச்சிருக்கிறன், அது அவவுக்குச் செய்ததோ என்ர மனச்சாட்சிக்குச் செய்ததோ தெரியேல்ல.

நீர் என்னை ரீச்சர் எண்டு எழுதினது எனக்குச் சரியான சந்தோசம். இங்கிலீஷில அந்தச் சொல்லுக்கு ஆண் பெண் கிடையாது, எங்கட ஊரில அதைப் பொம்பிளையளுக்கு எண்டு எடுத்து வைச்சிருக்கினம், அதில தாலியும் இல்லை வயசும் இல்லை, செய்த வேலை மட்டும்தான் இருக்கு. அப்பிடி ஒரு சொல்லை வங்கியில வேலை செய்யிற பொம்பிளைக்கும் எங்கட சனம் ஒருநாள் கண்டுபிடிக்கும்.

மனேஜரிட்டச் சொல்லும், தாராளமாச் சொல்லும். தனியக் கூப்பிட்டுச் சொல்லும், நாலு பேருக்கு முன்னால வேண்டாம். பேரப்பிள்ளை இருக்கிறவவையும் கூட்டிக்கொண்டு போம்.

பேர்ப்பலகையில ஒண்டும் வேண்டாம். பேர் மட்டும் போதும். உம்மட பேர் வடிவான பேர், நீர் போடாதையுங்கோ எண்டு சொன்னபடியா இங்க போடேல்ல. பலகை அடிச்ச கடையில கேட்டுப் பாரும், முன்னால இருக்கிற இரண்டு எழுத்தையும் புள்ளியையும் மட்டும் எடுக்கலாமோ எண்டு. வெட்டின எழுத்தெண்டால் கஷ்டம், ஸ்ரிக்கர் எழுத்தெண்டால் நகத்தால உரிக்கலாம். புதுசா அடிக்கக் காசு கேட்டினம் எண்டா எனக்கு எழுதும், அது என்ர கணக்கில போகட்டும்.